பெசாஹ் வருமுன்: இஸ்ரேலுக்கு வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நான் வேலைக்கு வந்த முதல் வருடம் பெத்தா திக்வா ஊரில், ஹங்கேரியில் பிறந்த ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெசாஹ் என்ற யூதப் பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பாட்டியின் மகள் அடுப்படிக்கு வந்து, என் மசாலா டப்பாவிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைப் படித்தார். பெருங்காயத்தூள். அதில் கோதுமை மாவு கலந்திருந்தது, பெசாஹ் அடுப்படிக்குள் அது வரவே கூடாது. அதற்குள் பண்டிகைக்கென்று தனியாக எடுத்து வைத்த பாத்திரத்தில் அந்தத் தூளைப் போட்டு உருளைக்கிழங்கு மசியல் செய்து முடித்திருந்தேன். அரிசியும் பருப்பும் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள், அதனால்தான் உருளைக்கிழங்கு. அவர் என்னைத் திட்டவில்லை. மூன்று வாரமாகத் துடைத்துத் துடைத்து வைத்த அடுப்படியைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

உங்களுக்கு அப்படி நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எழுதியிருப்பது இரண்டு வீடுகளில் நான் பார்த்தது. உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

1. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், பூரிம் அன்றே தொடங்குங்கள்

பெசாஹ் நிசான் மாதம் 15-ஆம் நாள் வரும். நம் கணக்கில் பங்குனிப் பௌர்ணமி அல்லது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி. இவர்களுடையது நிலாக் கணக்கு. 19 வருடத்தில் 7 முறை ஒரு மாதம் கூட்டுவார்கள், அதனால் ஆங்கிலத் தேதி வருடா வருடம் மாறும். நாள் தொடங்குவது சூரியன் மறையும்போது. 2026-இல் ஏப்ரல் 1 மாலை, 2027-இல் ஏப்ரல் 21 மாலை, 2028-இல் ஏப்ரல் 10 மாலை.

இஸ்ரேலில் பண்டிகை 7 நாள், வெளிநாட்டில் 8. இங்கே முதல் நாளும் ஏழாம் நாளும் முழு ஓய்வு. நடுவில் உள்ள நாட்களுக்கு ஹோல் ஹமோஎத் என்று பெயர், அவை பாதி வேலை, பாதி விடுமுறை.

குழந்தைகள் வேஷம் போட்டுத் தெருவில் நடக்கும் பூரிம் பண்டிகை வந்துவிட்டால் பெசாஹுக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கிறது. அன்றைக்கே வீட்டாரிடம் பேசத் தொடங்குங்கள். கடைசி வாரத்தில் யாருக்கும் உங்களுக்கு விளக்கம் சொல்ல நேரம் இருக்காது.

2. "புளிப்பு" என்ற சொல்லை மறந்துவிடுங்கள்

எனக்குத் தெரிந்த தமிழ் வேதாகமத்தில் பெசாஹுக்குப் பெயர் பஸ்கா. புளிப்பில்லாத அப்பம், கசப்பான கீரை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் இட்லி மாவு புளிக்கும், ஆகாது. சப்பாத்தி மாவு புளிக்காது, ஆகும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். நடப்பு கிட்டத்தட்ட தலைகீழ்.

விலக்கப்பட்டதன் பெயர் ஹமேட்ஸ். கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்றின் மாவு தண்ணீரோடு சேர்ந்து 18 நிமிடம் சும்மா கிடந்தால் ஹமேட்ஸ் ஆகிவிடும். புளித்த வாசனை வந்ததா, ஈஸ்ட் போட்டோமா என்பதெல்லாம் பேச்சே இல்லை. மாட்ஸா என்ற அந்த மெல்லிய அப்பத்தைக் கண்காணிப்போடு 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, சுட்டு எடுத்துவிடுவார்கள். நாம் பிசைந்து ஊற வைக்கும் சப்பாத்தி மாவு நேரான ஹமேட்ஸ். அரிசியும் உளுந்தும் அந்த ஐந்தில் சேராதவை.

அதை உண்ணாமல் இருந்தால் மட்டும் போதாது. யூதர் ஒருவர் அதைத் தம் உடைமையாக வைத்திருக்கவே கூடாது. அதனால்தான் அத்தனை சுத்தம்.

நம் அடுப்படியில் மறைந்திருப்பவை இவை: ரவை, சேமியா, மைதா, கோதுமை நூடுல்ஸ், கோதுமையும் பார்லியும் சேர்ந்த ஹார்லிக்ஸ், மால்ட் கலந்த மற்ற பானப் பொடிகள், பிஸ்கட், மாவு சேர்த்த வற்றல். எல்லாவற்றுக்கும் மேல் பெருங்காயத்தூள். கட்டிப் பெருங்காயத்திலும் மாவு கலப்பார்கள், அதனால் அதுவும் வேண்டாம். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பார்சலைப் பெசாஹுக்கு முந்தின மாதம் மட்டும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

3. கேட்க வேண்டிய ஒரே கேள்வி

"இந்த வீட்டில் பெசாஹுக்குக் கிட்னியோத் சாப்பிடுவீர்களா?"

கிட்னியோத் என்றால் அரிசி, பருப்பு வகை, கொண்டைக்கடலை, சோளம், எள், கடுகு போன்றவை. ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி வீடுகளில் ஹமேட்ஸோடு கலந்துவிடும் என்ற அச்சத்தில் பல நூற்றாண்டுகளாக இவற்றையும் விலக்கி வருகிறார்கள். அரிசி போச்சு, பருப்பு போச்சு, நல்லெண்ணெய் போச்சு, தாளிக்கும் கடுகும் போச்சு. சீரகம் சில வீடுகளில் ஆகும், சில வீடுகளில் ஆகாது.

என் இரண்டாவது வீடு ராமத் கானில். பாக்தாதில் பிறந்த பாட்டி. அங்கே பெசாஹ் மேசையில் சோறு உண்டு. ஆனால் அந்தச் சோறு வந்த வழியை நீங்கள் பார்க்க வேண்டும். பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பு பாட்டி மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கைப்பிடி அரிசியைக் கொட்டி, ஆள்காட்டி விரலால் மணி மணியாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுவார். ஒரே அரிசியை மூன்று முறை. நம் வீட்டில் முறத்தில் கல் பொறுக்குவோமே, அதே கை. இவர் தேடுவது மட்டும் கல் இல்லை, தவறி விழுந்த ஒரு கோதுமை மணி. நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். என் விரல் வேகத்தைப் பார்த்துவிட்டு அவர் மூன்றாவது முறையை என்னிடம் விட்டுவிட்டார்.

இதில் எல்லாரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. "கிழக்கத்திய வீடு என்றால் அரிசி ஆகும்" என்று நினைத்துவிடாதீர்கள். மொரோக்கோ வழி வந்த பல குடும்பங்கள் அரிசி சாப்பிடுவதில்லை. ஊரை வைத்து ஊகிக்காமல் வாய் திறந்து கேளுங்கள்.

இன்னொரு கேள்வியும் கூடவே கேட்டுவிடுங்கள்: மாட்ஸாவை நனைக்கலாமா? ஹசிதியர் என்ற ஆசாரமான யூதப் பிரிவின் வழி வந்த வீடுகள் பலவற்றில் மாட்ஸா மேல் தண்ணீரோ சூப்போ படக் கூடாது. பல் இல்லாத தாத்தாவுக்கு நல்லது என்று நினைத்துச் சூப்பில் ஊறப்போட்டால் அந்தத் தட்டே வீணாகிவிடும்.

4. உங்கள் பொருட்களை என்ன செய்வது

உங்களுக்குச் சொந்தமான ஹமேட்ஸை வைத்திருக்க உங்களுக்குத் தடை இல்லை. ஆனால் அது வீட்டாரின் சமையலறையில் இருக்கக் கூடாது. நான் செய்வது இதுதான்: பண்டிகைக்குப் பத்து நாள் முன்பு என் மாவு, ரவை, மசாலா எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, என் பெயர் எழுதி, என் அறை அலமாரியில் வைத்துப் பூட்டுவேன். இது யாருடைய பொருள், எங்கே இருக்கிறது என்று வீட்டாரிடம் காட்டிவிடுவேன். தோழி அறையில் இடம் இருந்தால் அங்கே கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

தோசைக்கல், குக்கர், வெங்காயம் நறுக்கும் பலகை இவையும் அதே பெட்டிக்குள் போக வேண்டும். கழுவிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பல வீடுகளில் பெசாஹுக்கென்று தனிப் பாத்திரம் பரணில் இருக்கும். இல்லாதவர்கள் உலோகப் பாத்திரத்தை 24 மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்து, கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். பண்டிகைக்கு முந்தின நாட்களில் தெருமுனையில் பெரிய அண்டா வைத்து இதைச் செய்து தருவதைப் பல ஊர்களில் பார்க்கலாம். மண் பாத்திரத்துக்கு இந்த வழி கிடையாது.

வீட்டாரின் ஹமேட்ஸ் மிச்சம் இருந்தால் அதை யூதரல்லாத ஒருவருக்கு விற்பார்கள். இது பத்திரம் போட்டு நடக்கும் உண்மையான விற்பனை. ரபியிடம், அதாவது யூத மதகுருவிடம், ஓர் அதிகாரப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள், இணையத்திலும் நிரப்பலாம். பெயர், முகவரி, பொருள் இருக்கும் இடம் ஆகியவற்றை எழுத வேண்டும். படிவத்துக்குக் கட்டணம் இல்லை, விருப்பப்பட்டால் ரபிக்கு ஏதாவது கொடுப்பார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் காலைக்குள் முடிந்தாக வேண்டும். தாத்தா பாட்டிக்குக் கண் தெரியாவிட்டால் அவர்களுடைய பிள்ளைகளிடம் ஒரு வாரம் முன்பே நினைவுபடுத்துங்கள். விற்ற அலமாரியில் டேப் ஒட்டியிருக்கும். உள்ளே இருப்பது அந்த வாரம் வேறொருவர் சொத்து, திறக்காதீர்கள்.

"இவள் யூதர் இல்லை, இவளுக்கே விற்றுவிடலாம்" என்று வீட்டில் யாராவது சொன்னால் பணிவாக மறுத்து, ரபி வழியாகவே செய்யச் சொல்லுங்கள். பெயர், தொகை, சொத்து என்று எழுதிய தாளில் புரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

5. தாள்கள், சம்பளம், மருந்து

விசா முத்திரை பெசாஹை ஒட்டி முடிகிறதென்றால் பூரிம் முடிந்த மறுநாளே ஏஜென்சியிடம் பேசுங்கள். பெசாஹ் வாரத்தில் அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும் அல்லது மிகக் குறைந்த நேரமே இயங்கும். வங்கியும் தபால் நிலையமும் நடு நாட்களில் பெரும்பாலும் அரை நாள்தான். வீட்டுக்குப் பணம் அனுப்புவதானால் மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள்.

சம்பளம் அடுத்த மாதம் 9-ஆம் தேதியைத் தாண்டினால் சட்டப்படி அது தாமதம். பண்டிகை மாதத் தொடக்கத்தில் வரும் வருடங்களில் முன்கூட்டியே கேட்டு வாங்குவது நல்லது. பண்டிகைப் பரிசு கொடுப்பது வழக்கம், அதைச் சம்பளத்தில் கழிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள்.

நம் வேலையில் ஆண்டுக்கு 9 பண்டிகை விடுமுறை உண்டு. யூதப் பண்டிகைகளை எடுக்கலாம் அல்லது உங்கள் மதப் பண்டிகைகளை எடுக்கலாம். எதை எடுக்கிறீர்கள் என்பதை ஆண்டுத் தொடக்கத்தில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதி வைக்காததால் ஒரு வருடம் பெசாஹும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை என்று ஆயிற்று. சந்தேகம் இருந்தால் டெல் அவீவில் உள்ள காவ் லஓவெத் என்ற தொழிலாளர் உதவி அமைப்பிடம் கேட்கலாம்.

மருந்து விஷயத்தில் அவசரப்படாதீர்கள். "மாத்திரையில் மாவு இருக்கும்" என்று சில முதியவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள். நிறுத்த விடாதீர்கள். பிள்ளைகளிடம் சொல்லி டாக்டரையும் ரபியையும் கேட்க வையுங்கள், உயிர் சம்பந்தப்பட்ட மருந்தைச் சாப்பிடத்தான் சொல்வார்கள். க்லாலித், மக்காபி போன்ற மருத்துவக் காப்பு மையங்களின் மருந்தகங்கள் குறைந்த நேரமே திறந்திருக்கும், ஆகவே இரண்டு வார மருந்தை முன்பே வாங்கி வையுங்கள். மாட்ஸா மலத்தைக் கட்டும். தண்ணீர், பழம், வேகவைத்த காய்கறி ஆகியவற்றை அந்த வாரம் கூட்டிக் கொடுங்கள்.

6. கடையும் பேருந்தும்

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கடைகளில் பாதி அலமாரியை வெள்ளை பிளாஸ்டிக் விரித்து மூடத் தொடங்குவார்கள். விற்பனைக்காக ஹமேட்ஸைப் பொது இடத்தில் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தது. அந்த பிளாஸ்டிக்கைத் தூக்கி எடுத்துக்கொண்டு போனாலும் பில் போடுமிடத்தில் இயந்திரம் ஏற்காது.

பொட்டலத்தில் "கஷேர் லெபெஸஹ்" (பெசாஹுக்கு ஆகும்) என்ற எழுத்தை அடையாளம் கண்டுகொள்ளப் பழகுங்கள். அதன் கீழ் சின்ன எழுத்தில் "கிட்னியோத் சாப்பிடுவோருக்கு மட்டும்" என்று இருந்தால் அஷ்கெனாசி வீட்டுக்கு வாங்கக் கூடாது. இரண்டு எழுத்தையும் வீட்டாரிடம் எழுதி வாங்கி, போனில் படமாக வைத்துக்கொண்டால் போதும். நான் அப்படித்தான் சமாளித்தேன்.

இயந்திரத்தில் செய்த சாதாரண மாட்ஸா மலிவு. கையால் செய்யும் ஷ்முரா மாட்ஸா கிலோ நூறு ஷெக்கலைத் தாண்டும். எது வேண்டும் என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

உங்கள் வயிற்றுக்கும் வழி வேண்டுமே. உருளைக்கிழங்கு, தேங்காய், முட்டை, தயிர், பச்சை மிளகாய், காய்கறி எல்லாம் ஆகும். தேங்காய் துருவிப் போட்ட பொரியலை அந்த வாரம் பாட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கறியையும் பாலையும் சேர்க்கக் கூடாது என்ற வழக்கமான விதி அப்படியே உண்டு. ரொட்டி இல்லாமல் முடியாது என்றால் ஓய்வு நாளில் யாஃபோ, நாசரேத், அபூ கோஷ் போன்ற இடங்களின் அரபுக் கடைகளில் கிடைக்கும். அங்கேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பையில் போட்டு வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பேருந்தும் ரயிலும் பண்டிகை தொடங்கும் நாள் மதியத்துக்குப் பின் குறைந்து நின்றுவிடும். மறுநாள் இருட்டிய பின்தான் திரும்பும். ஏழாம் நாளும் அப்படியே. விமான நிலையம் இயங்கும், ஆனால் ரயில் இராது, எல் அல் விமானமும் பறக்காது. டாக்ஸிக்குக் கூடுதல் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

7. கடைசி இரவு, கடைசிக் காலை

முந்தின இரவு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி, இறகு, மரக்கரண்டியோடு வீடு முழுக்க ஹமேட்ஸ் தேடுவார்கள். பல வீடுகளில் பத்து ரொட்டித் துண்டுகளை முன்பே ஒளித்து வைப்பார்கள். நீங்கள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்னே போய்விடாதீர்கள்! ஒரு துண்டைக் குப்பையில் போட்டுவிட்டால் நள்ளிரவு வரை தேடுவார்கள். எத்தனை துண்டு, எங்கே என்று ஒளித்தவர் எழுதி வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை சுமார் பத்தரை வரை ஹமேட்ஸ் சாப்பிடலாம், பதினொன்றரை வாக்கில் எரித்து முடிக்க வேண்டும். சரியான நேரம் ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும், அட்டவணை அடிப்பார்கள். முதியவருக்கு அன்று காலைச் சிற்றுண்டியைச் சீக்கிரம் கொடுத்து, பல்செட்டைக் கழுவி, சக்கர நாற்காலியின் மடிப்புகளில் ரொட்டித் துகள் இருக்கிறதா என்று பாருங்கள். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், கடைசியில் எல்லாரும் அங்கேதான் கண்டுபிடிப்பார்கள்.

சூரியன் மறையும் முன் உங்கள் வீட்டுக்குப் போன் பேசிவிடுங்கள். இந்தியா இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. பக்தியான வீட்டில் அதன் பின் போன், புகைப்படம், பேனா எதுவும் மேசைக்கு வரக் கூடாது.

8. செதெர் இரவு

முதல் இரவு விருந்துக்குப் பெயர் செதெர், அதாவது ஒழுங்கு. 15 படிகள். இருட்டிய பிறகு தொடங்கி நள்ளிரவைத் தாண்டிப் போகும், சாப்பாடு பத்து மணிக்கு வந்தாலும் வரும். ஐந்து மணிக்கே முதியவருக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் கொடுங்கள், நீங்களும் சாப்பிடுங்கள். மாட்ஸாவை மட்டும் அன்று பகலில் கொடுக்காதீர்கள், இரவுக்கென்று காத்திருப்பார்கள். மதியம் ஒரு மணி நேரம் தூங்க வையுங்கள்.

எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையாகி வெளியேறிய கதைதான் அன்று. அவசரமாகக் கிளம்பியதால் மாவு உப்ப நேரமில்லை, அதனால் மாட்ஸா. எகிப்தின் மேல் கடவுள் அனுப்பிய பத்து வாதைகளில் கடைசியானதில் எகிப்தின் தலைப்பிள்ளைகள் இறந்தபோது, அந்த வாதை இஸ்ரவேலர் வீடுகளைக் கடந்து போனதால் பெசாஹ், கடந்து போதல். ஹகாதா என்ற புத்தகத்தைப் பார்த்து எல்லாரும் சேர்ந்து படிப்பார்கள்.

தட்டில் இருப்பவற்றைத் தெரிந்துகொண்டால் பாதி புரிந்துவிடும். சுட்ட எலும்பு, பலியிட்ட ஆட்டுக்குட்டியின் நினைவு. சுட்ட முட்டை, ஆலயத்தில் செலுத்திய பண்டிகைப் பலிக்கு. கசப்புக் கீரை அடிமைத்தனத்துக்கு. பழமும் கொட்டையும் அரைத்த ஹரோசெத், செங்கல் பூசிய களிமண்ணுக்கு. பாக்தாத் பாட்டி வீட்டில் அது பேரீச்சம்பழப் பாகும் வாதுமைக் கொட்டையுமாக இருக்கும். ஒரு காய்கறியை உப்புநீரில் தோய்ப்பார்கள், அது கண்ணீர்.

கடைக்குட்டிக் குழந்தை "இந்த இரவு மற்ற இரவுகளிலிருந்து ஏன் வேறாக இருக்கிறது" என்று பாடிக் கேட்கும். பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி திராட்சை ரசத்தைக் கிண்ணத்திலிருந்து வெளியே எடுப்பார்கள். பிறர் பட்ட துன்பத்தால் நம் மகிழ்ச்சிக் கிண்ணம் குறைகிறது என்று அந்தப் பாட்டி எனக்குச் சொன்னார். ஒளித்து வைத்த மாட்ஸாத் துண்டைக் கண்டுபிடிக்கும் குழந்தைக்குப் பரிசு உண்டு. எலியா தீர்க்கதரிசிக்காக ஒரு கிண்ணம் நிரப்பி வாசல் கதவைத் திறப்பார்கள். அப்போது காற்று அடிக்கும், முதியவர் தோளில் ஒரு சால்வை போடுங்கள்.

கவனமாக இருக்க வேண்டியவை: நான்கு கிண்ணம் திராட்சை ரசம் (ஒயின்) குடிப்பது கட்டளை. சர்க்கரை நோய்க்கும் மாத்திரைக்கும் அது ஒத்துவருமா என்று முன்பே டாக்டரிடம் கேட்டு வையுங்கள், மது ஆகாதவர்களுக்குத் திராட்சைச் சாறு உண்டு, ஆனால் அதிலும் சர்க்கரைதான். கசப்புக்குச் சில வீடுகளில் துருவிய காட்டமான கிழங்கு வைப்பார்கள், புரையேறும். இளம் லெட்டூஸ் கீரையைப் பொடியாக நறுக்கிக் கேளுங்கள். பக்தியான வீட்டில் ரசப் புட்டியை நீங்கள் திறக்கவோ ஊற்றவோ வேண்டாம், யூதரல்லாதவர் கை பட்ட ரசத்தைச் சிலர் குடிக்கமாட்டார்கள். உங்களை இழிவாக நினைத்துச் செய்வதல்ல, பழைய சட்டம். வேறு வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்கள் என்றால் கேக், இனிப்பு எதுவும் வேண்டாம், சூரியன் மறையும் முன்பே பூங்கொத்து கொடுத்துவிடுங்கள்.

"இங்கே ரொம்ப இருட்டாக இருக்கிறதே" என்று யாராவது சொன்னால், அது உங்களுக்கான குறிப்பு: ஓய்வு நாளில் பக்தியானவர் தாமே விளக்கைப் போடமாட்டார், போடச் சொல்லி நேராகக் கேட்கவும் அவருக்கு அனுமதி இல்லை.

9. நடு நாட்களும் முடிவும்

நடு நாட்களில் நாடே வெளியே கிளம்பும். பூங்கா, கடற்கரை, சாலை எல்லாம் நிரம்பும். ஓய்வு நாள் கிடைத்தால் காலையிலேயே போய்விடுங்கள். ஜெருசலேமில் மேற்குச் சுவருக்கு முன் ஆசாரியர் ஆசீர்வாதம் நடக்கும் நாளில் பழைய நகரத்துக்குள் பேருந்து ஏறவே சிரமம்.

ஏழாம் நாள் இருட்டியதும் பண்டிகை முடியும். வட ஆப்பிரிக்க வழி வந்த வீடுகளில் அன்றிரவே மிமூனா. கதவு திறந்திருக்கும், முஃப்லெத்தா என்ற மெல்லிய அப்பத்தை வெண்ணெயும் தேனும் தடவிக் கொடுப்பார்கள். அண்டை வீட்டார் கூப்பிட்டால் போங்கள்.

விற்ற அலமாரியை மட்டும் உடனே திறக்காதீர்கள். ரபி அதைத் திரும்ப வாங்க வேண்டும், ஒரு மணி நேரமாவது விடுங்கள். வீட்டார் சொன்ன பிறகு டேப்பைப் பிரியுங்கள். பெசாஹ் பாத்திரங்களைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றிய பின்தான் உங்கள் பெட்டியைச் சமையலறைக்குக் கொண்டுவர வேண்டும், இரண்டும் ஒரே சிங்க்கில் சந்திக்கக் கூடாது. நான் அன்றிரவு எவ்வளவு நேரமானாலும் உளுந்தை ஊறப்போட்டுவிட்டுத்தான் படுப்பேன்.